ஜுஜுவாடி தாண்டினால் பிரான்ஸ்

— வண்டியத் திருப்பு மணி.

— மிஸ்?

— காதுல விழுகல? திருப்புடா. கிருஷ்ணகிரிக்கே போயிரலாம். நான் பிரான்ஸுக்குப் போகல.

— ராத்திரி ஒன்பதரைக்கு பிளைட்டு மிஸ்! சூளகிரி டீக்கடையில எறங்கறப்ப சிரிச்சிக்கிட்டுதான எறங்குனீங்க? நான் டீக்காசு குடுத்துட்டு வர்றதுக்குள்ள என்னா ஆச்சு?

— ஒன்னும் ஆகல. வீட்டு ஞாபகம் வந்துருச்சு.

— வீட்டுல யாரு இருக்கா? உங்க வீட்டுக்காரரு அஜாஸ் சாரு மாங்கா சீசன்ல ஜூஸ் ஃபேக்டரிய உட்டு வெளிய வர மாட்டாரு. அதனாலதான உங்களை வழியனுப்பக்கூட வராம, டிராவல்ஸ்ல வண்டி சொல்லி என்கூட அனுப்புனாரு?

— டீச்சரு நானா நீயா? குறுக்குக் கேள்வியெல்லாம் கேக்காத. திருப்புன்னா திருப்பு.

— இங்க எங்க திருப்பறது? நடுவுல செவுரு கட்டி வெச்சிருக்கான். பேரண்டப்பள்ளிகிட்டதான் யூ-டர்ன். அதுவரைக்கும் சும்மாதான வரணும், என்னா ஆச்சுன்னு சொல்லிக்கிட்டு வாங்க.

— லியோன்ல நான் தங்கப்போற விடுதி இருக்கே, அங்க போன் பண்ணேன்டா. நாளைக்கு சாயங்காலம் வந்துருவேன், சாவிய யார்கிட்ட வாங்கணும்னு கேக்கறதுக்கு. சொல்ல வேண்டியதெல்லாம் பேப்பர்ல எழுதி, வீட்டுல நாலு தடவை சொல்லிப் பாத்து, அப்புறம்தான் பண்ணேன். ஒரு பொண்ணு எடுத்தா. ‘போன்ஜூர்’னேன். அவளும் ‘போன்ஜூர்’னா. அப்புறம் ரெண்டே ரெண்டு வாக்கியம்தான் பேசியிருப்பேன், எம்பேரைக்கூட இன்னும் சொல்லல. ‘சாரி, இங்கிலீஷ் ப்ளீஸ்’னுட்டா.

— அப்புறம்?

— அப்புறம் என்ன அப்புறம். கட் பண்ணிட்டேன்.

— இதுக்கா மிஸ்?

— இதுக்கான்னு சாதாரணமாக் கேக்குற. இருபத்தாறு வருஷம்டா. வருஷத்துக்கு எண்பது புள்ளைங்க. அத்தனை பேரு எதிர்லயும் சாக்பீஸ் புடிச்சு நின்னு, இதான் பிரெஞ்சு, இப்பிடித்தான் பேசணும்னு வாய் வலிக்க வலிக்கச் சொல்லிக் குடுத்திருக்கேன். அது பிரெஞ்சு தானான்னே இன்னைக்கு எனக்குச் சந்தேகமாப் போச்சு.

— லைனு சரியில்லாம இருந்திருக்கும்.

— லைனு கண்ணாடியாட்டம் இருந்துச்சு. அவ மூச்சு உடறதுகூடக் கேட்டுச்சு. டேய், டேய், அதான் யூ-டர்ன்! போயிருச்சு பாரு!

— மாங்கா லோடு லாரி மிஸ், சைடு உட மாட்டேங்கறான். பரவால்ல உடுங்க. ஓசூர் மேம்பாலம் எறங்குனதும் இன்னொன்னு இருக்குது.

— வேணும்னே பண்றியா?

— அய்யய்யோ, லாரிக்காரனைக் கேளுங்க. சரி, லியோன்ல எறங்குனதும் முதல்ல என்னா சாப்பிடறதுன்னு முடிவு பண்ணியிருந்தீங்க?

— அது இப்ப எதுக்கு?

— தெரிஞ்சிக்கத்தான். நீங்க தேதி போட்டு எழுதி வெச்சிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்.

— ...முதல் நாளு செவப்பு பாதாம் டார்ட்டு. பாதாமை ரோஸ் கலர் சக்கரையில உருட்டி, பாலாடையில போட்டுக் காய்ச்சி ஊத்துறது. அந்த ஊரைத் தவிர வேற எங்கயும் அவ்வளவு செவப்பா வராதாம். ரெண்டாம் நாளு ஆத்தங்கரை மார்க்கெட்டு. மூணாம் நாளு காலையில ரயிலேறி திஜோன், அங்க தேன்ல செய்யற மசாலா கேக்கு. அப்புறம் பாரிஸ்ல நாலு நாளு. ப்ரஸ்ஸல்ஸ்ல வாஃபிள். திரும்பறப்ப ஜெனீவா வழியா வந்து, ஏரிக்கரையில உக்காந்து சாக்லேட்டு. மொத்தம் பன்னெண்டு நாளு, பன்னெண்டு பலகாரம்.

— சாரு ஒத்துக்கிட்டாரா?

— எல்லாத்துலயும் பாதிதான் திங்கணும்னு சத்தியம் வாங்கிட்டு ஒத்துக்கிட்டாரு.

— அதான் சுகர் மாத்திரைப் பையைத் தனியா டிராவல்ஸுக்குக் குடுத்தனுப்பியிருந்தாரு. உங்ககிட்ட குடுத்தா வேணும்னே மறந்துட்டுப் போயிருவீங்களாம்.

— அந்த மனுஷனுக்கு எம்மேல நம்பிக்கையே கெடையாது.

— ரயில் எந்த பிளாட்பாரத்துல வரும், எங்க மாறணும்னெல்லாம் போர்டுல வரைஞ்சு காட்டுவீங்களே மிஸ். நாங்க தருமபுரி தாண்டி ரயில்ல போனதில்ல, ஆனா பாரிஸ்ல இருந்து திஜோன் போறதுக்கு எந்த ஸ்டேஷனுக்குப் போவணும்னு வகுப்பே கோரஸா சொல்லும். அப்புறம் கடைசி பீரியடுக்கு அந்த கேக்கு. கிளிஞ்சல் மாதிரி இருக்குமே.

— மாதலேன்.

— அதேதான். கிளிஞ்சல் அச்சு கிடைக்கலன்னு குழிப்பணியாரக் கல்லுல சுட்டுக் கொண்டு வருவீங்க. பசங்க அதுக்கு பிரெஞ்சுப் பணியாரம்னு பேரு வெச்சிருந்தானுங்க.

— தெரியும். எல்லாத்தையும் கிண்டல் பண்ணுவீங்க, ஆனா டப்பாவுல துகள்கூட மிஞ்சாது.

— அவ்வளவு ஆசையை வெச்சிக்கிட்டு, எவளோ ஒருத்தி ‘இங்கிலீஷ் ப்ளீஸ்’னதுக்குத் திரும்புறேங்கறீங்க.

— ஆசை அதிகமா இருக்கறதாலதான்டா திரும்புறேன். உனக்குப் புரியாது. நான் ஒம்பதாவது படிக்கிறப்ப, எங்க அத்தா லால் பாஷா, ஜூஸ் ஃபேக்டரியில சூப்பர்வைசரு. பிரான்ஸ்ல இருந்து ஒரு மிஷினு வந்துச்சு, அதை மாட்டறதுக்கு ஒருத்தரு வந்தாரு. போறப்ப அத்தாவுக்கு ஒரு டப்பா பிஸ்கட்டு குடுத்துட்டுப் போனாரு. வெண்ணெய் பிஸ்கட்டு. வீட்டுல ஏழு பேரு, ஆளுக்கு ரெண்டு. நான் ஒன்னைத் தின்னுட்டு இன்னொன்னைப் பதினோரு நாளு வெச்சிருந்தேன். எறும்பு வந்த பின்னாடிதான் தின்னேன். அந்த டப்பா மூடியில எழுதியிருந்ததைப் படிக்கணும்னுதான் இந்த பாஷையைப் படிக்க ஆரம்பிச்சேன். டிகிரி முடிச்சு மூணு வருஷம், ஞாயித்துக்கிழமையானா காலையில அஞ்சு மணி பஸ்ஸு, பெங்களூருல ரெண்டு மணி நேரம் கிளாஸு, திரும்பியும் பஸ்ஸு. அந்த மாதிரி சேத்த பாஷைடா அது. அதைக் கொண்டுபோயி அந்த ஊர்க் கடையில நின்னு, ஒருத்தருக்கும் புரியாம, விரலை நீட்டி ஊமையாட்டம் ‘அது ஒன்னு குடு’ன்னு கேக்கறதுக்கு, நான் போகாமயே இருந்துக்கறேன். போகாம இருந்தா அந்த ஊராவது எனக்கு மிச்சம் இருக்கும்.

— அழுவாதீங்க மிஸ்.

— அழுவல. ஏசி கண்ணுல அடிக்குது.

— கொறைக்கறேன்.

— மணி, உன்னை ஒன்னு கேக்கணும். ஏழு வருஷமாக் கேக்கணும்னு இருக்கேன்.

— கேளுங்க.

— நீ ஏன்டா திரும்பி வந்தே? நான் படிப்பு சொல்லிக் குடுத்ததுல அந்த ஊருக்குப் போனவன் நீ ஒருத்தன்தான். கேட்டரிங் முடிச்சதும் அங்க ஒரு பேக்கரிக்கு நான்தான் லெட்டர் எழுதினேன். ரெண்டு வருஷ ட்ரெயினிங்குன்னு போனே. ஏழாம் மாசம் திரும்பி வந்து டாக்சி ஓட்டுற. ஏன்னு எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லல. உண்மையைச் சொல்லு. முழுசா சொல்லு, பாதியில முழுங்காத. நான் சொல்லிக் குடுத்தது அங்க எடுபடலையா?

— மிஸ், நீங்க ஆறாம் பாடம்னு ஒன்னு நடத்துனீங்களே. ரொட்டிக்கடையில பேசற மாதிரி.

— ஆமா. கேள்வி, பதில், ரெண்டையும் மனப்பாடம் பண்ணச் சொல்லுவேன். பப்ளிக்ல நிச்சயமா வரும்.

— அந்த ஊருக்குப் போன மொத நாளு, வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி, தெருமுனைக் கடைக்குள்ள போனேன். ஒரு வயசான அம்மா நின்னுச்சு. ‘வணக்கம் அம்மா, ரெண்டு க்ருவாசான் ரொட்டி வேணும்’னேன். அத்தோட நிறுத்தியிருக்கணும். வாய் நிக்கல. ‘இதோ தர்றேன் ஐயா, வேற ஏதாவது வேணுங்களா? வேண்டாம், அவ்வளவுதான், எவ்வளவு ஆச்சு? ஏழு பிராங்க் ஐயா. இந்தாங்க. நன்றி ஐயா, நாள் நல்லபடியா அமையட்டும்!’ அந்தம்மா பேச வேண்டியதையும் சேத்து நானே பேசி முடிச்சிட்டேன்.

— யா அல்லாஹ்!

— பிராங்க் செல்லாமப் போயி அப்பவே பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு மிஸ். அந்தம்மா வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. அப்புறம் சொல்லுச்சு, ‘தம்பி, அந்த விலைக்குக் கிடைச்சா நானே வாங்கிக்குவேன்’னு.

— பாத்தியா! பாத்தியா! உன்னைக் கோமாளியாக்கி அனுப்பியிருக்கேன். என் புத்தகம் பழசு, என் பாஷை பழசு. சிரிக்காத!

— நீங்களுந்தான் சிரிக்கறீங்க.

— நான் சிரிக்கல.

— உள்ள அடுப்புகிட்ட இருந்த வீட்டுக்காரரைக் கூப்ட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுச்சு. ரெண்டு பேரும் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க. அப்புறம் உக்கார வெச்சு காபி குடுத்தாங்க. அந்த ஊர்ல எனக்குக் கிடைச்ச மொத சிநேகம் அவங்கதான். புரியாமயா சிரிச்சாங்க? ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சதாலதான் சிரிச்சாங்க.

— அப்புறம் எதுக்குத் திரும்பி வந்தே?

— மாவு.

— என்ன மாவு?

— கோதுமை மாவு. காலையில மூணு மணிக்கு எறங்கி மூட்டையப் பிரிச்சா, ரூமே வெள்ளையா பறக்கும். நாலாம் மாசம் இருமல் வந்துச்சு. ஆறாம் மாசம் மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு. ஒரு நாளு படியேற முடியல, உக்காந்துட்டேன். ஆஸ்பத்திரிக்கு நான் மட்டும்தான் போனேன், கூட வர ஆளில்ல. லேடி டாக்டரு. எப்ப ஆரம்பிச்சது, எந்த நேரத்துல வருது, வீட்டுல யாருக்காவது இருக்குதா, எல்லாம் கேட்டாங்க. அரை மணி நேரம் பேசியிருப்போம். கடைசியில, ‘மாவுத் தூசி உங்க ஒடம்புக்கு ஆகாது, இந்த வேலையில இருந்தா நெஞ்சு கெட்டுப்போயிரும், உட்டுருங்க’ன்னாங்க. அந்த அரை மணி நேரத்துல அவங்க ஒரு தடவைகூட இங்கிலீஷுக்கு மாறல மிஸ்.

— ஏன்டா... இதை எங்கிட்ட வந்து சொல்றதுக்கு என்ன?

— எப்படிச் சொல்றது? பேக்கரிக்குப் போனவனுக்கு மாவு ஆகலன்னு சொன்னா ஊரே சிரிக்காதா? விசா முடிஞ்சிருச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சேன். உங்ககிட்ட பொய் சொல்ல வாய் வரல. நீங்க ஸ்கூல் கேட்டுல என் போட்டோ போட்டு பேனர் கட்டியிருந்தீங்க. பிரான்ஸ் செல்லும் எங்கள் மாணவர்னு. நான் திரும்பி வந்தப்பகூட அது கிழியாம தொங்கிக்கிட்டு இருந்துச்சு மிஸ்.

— அந்த பேனரை நானே போயி கழட்டினேன்டா. நீ வந்துட்டேன்னு தெரிஞ்ச அன்னைக்கு. உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு.

— அது நீங்களா?

— நான் என்ன நெனச்சேன் தெரியுமா? எம்பேச்சை நம்பிப் போன பையன், அங்க அவமானப்பட்டுத் திரும்பிட்டான், எம்மேல கோவமா இருக்கான்னு. ரவுண்டானாகிட்ட உன் வண்டியப் பாத்தா, மெடிக்கல் ஷாப்புக்குள்ள பூந்துக்குவேன்.

— நீங்க மெடிக்கலுக்குள்ள போனா, நான் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பின்னாடி போயிருவேன்.

— ஏழு வருஷமா ரெண்டு பேரும் கண்ணாமூச்சி ஆடியிருக்கோம். இன்னைக்கு மத்தியானம் வாசல்ல வண்டிய நிறுத்திட்டு நீ எறங்குனதும் திரும்பி உள்ள போயிரலாமான்னு பாத்தேன். கிருஷ்ணகிரியில இருந்து சூளகிரி வரைக்கும் நீ ஒரு வார்த்தை பேசல.

— எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. டிராவல்ஸ் லிஸ்டுல ‘ஹீனா டீச்சர், ஏர்போர்ட்’னு இருந்துச்சு. சின்னராஜுக்குப் போட்ட டிரிப்பு இது. அவன்கிட்ட கெஞ்சி நான் மாத்தி வாங்குனேன்.

— எதுக்கு?

— நீங்க அந்த ஊருக்குப் போறப்ப நான்தான் கொண்டுபோயி உடணும்னு தோணுச்சு. உங்களைப் பாதி வழியில திருப்பிக் கொண்டாந்து உட்டேன்னு நாளைக்கு ஊர்ல பேரு வாங்கவா?

— மணி, மேம்பாலம் எறங்கி எவ்வளவு நேரமாச்சு? இது என்ன, ஜுஜுவாடி போர்டா? டேய்! யூ-டர்ன் எங்கடா?

— அது... பேச்சு சுவாரசியத்துல...

— நிறுத்து. இங்கயே ஓரமா நிறுத்து. இதுக்கு மேல கர்நாடகா. அதைத் தாண்டிட்டா நீ திருப்ப மாட்டே.

— நிறுத்தறேன், நிறுத்தறேன். கதவைத் தொறக்காதீங்க, பஸ்ஸு வருது.

— உன் கதையைக் கேட்டு மனசு லேசாத்தான் இருக்கு, இல்லைன்னு சொல்லல. உன் நெஞ்சு நல்லா இருக்கணும், அது போதும் எனக்கு. ஆனா நீ அப்ப இருபத்திமூணு வயசுப் பையன். போயி ஒரு வாரத்துல காது பழகியிருக்கும். எனக்கு அம்பத்திரெண்டு. டாக்டரம்மா உங்கிட்ட பேசுனாங்க. இந்தப் பொண்ணு எங்கிட்ட பேசல. ரெண்டாவது வாக்கியத்துலயே வேணாம்னுட்டா. அதை எப்படி மாத்தறது?

— அந்த நம்பரைக் குடுங்க.

— எதுக்கு?

— குடுங்க மிஸ். என்கிட்டயும் அந்தப் பொண்ணு இங்கிலீஷ் ப்ளீஸ்னு சொல்லட்டும். சொன்னா, சத்தியமா இங்கயே திருப்பறேன். பிளைட்டு, டிக்கெட்டு ஒன்னும் பேச மாட்டேன். நேரா வீடு.

— சொல்லலைன்னா?

— சொல்லலைன்னா நீங்க எனக்குச் சொல்லிக் குடுத்ததும் அவங்ககிட்ட பேசுனதும் வேற வேறயான்னு யோசிச்சிக்குங்க. ரெண்டும் ஒரே வாயில இருந்துதான வந்துச்சு?

— வாய் ரொம்ப நீளம்டா உனக்கு. இந்தா. கடைசியாப் பண்ண நம்பருதான்.

— ரிங்கு போவுது... யோவ் குரு, ஹோகப்பா, ஹோகு! இந்தக் கர்நாடகா வண்டிக்காரன் ஒருத்தன், ஓரமா நின்னாலும் ஹாரன் அடிக்கறான்... ஆங், எடுத்துட்டாங்க. போன்ஜூர் மதாம்!

— முதல்ல தொந்தரவுக்கு மன்னிப்புக் கேளு. எடுத்ததும் விஷயத்துக்குப் போகாத.

— கேட்டுட்டேன் மிஸ்... உய் மதாம். உய், உய்...

— உய் உய்னு ஆமாம் போட்டுக்கிட்டே இருக்காத. இந்தியாவுல இருந்துன்னு சொன்னியா?

— சொல்லிட்டேன்... நோ மதாம், நான் பேரை மட்டும்... உய்...

— ‘எங்க ஆசிரியை’ன்னு சொல்றப்ப மரியாதையாச் சொல்லு. ஒரு எழுத்தை முழுங்கிட்டே, கேட்டுச்சு எனக்கு.

— மிஸ், செத்த சும்மா இருங்க, இங்க நீங்க பரீட்சை வெக்கறீங்க... பார்தோன் மதாம், எங்க மிஸ்தான், பக்கத்துல... உய்! ஓ... ஓ லா லா...

— என்னடா? என்ன சொல்றா? இங்கிலீஷுக்கு மாறிட்டாளா? சொல்லுடா!

— இருங்க, ஹோல்டுல இருக்காங்க. இது அந்தப் பொண்ணு இல்ல மிஸ். விடுதி ஓனரம்மாவே எடுத்திருக்காங்க.

— அப்ப அவ எங்க?

— அவ வேலைக்கு வந்த பொண்ணாம். உக்ரைன்ல இருந்து வந்து ரெண்டு மாசந்தான் ஆவுதாம்.

— அதுக்கு?

— அதுக்கு இன்னும் பிரெஞ்சு வராதாம் மிஸ். ‘யாரோ ஒரு பிரெஞ்சுக்காரம்மா போன் பண்ணாங்க, எனக்குப் பதில் சொல்லத் தெரியல, கோவிச்சிக்கிட்டு வெச்சிட்டாங்க’ன்னு அப்பத்தில இருந்து சமையல்கட்டுல உக்காந்து அழுதுக்கிட்டு இருக்குதாம்.